இந்தக் காசு யார் பேரில் வருது?

2022 ஜூன் மாதம், ஒரு சாயங்காலம். கோவை பஸ்ஸிலிருந்து ஆனைகட்டியில் இறங்கி, பாலத்தைத் தாண்டிக் கேரளப் பக்கம் நடந்து வந்து ஜீப்புக்காக நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மெயில் வந்தது. சுற்றுச்சூழல் நீதிக்காகவும் இயற்கைப் பாதுகாப்புக்காகவும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கு வருஷாவருஷம் விருதுத் தொகை கொடுக்கும் ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஜீப் வந்து போனதுகூடத் தெரியாமல் நாலைந்து தடவை படித்தேன். அப்புறம் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். அதற்குப் பதினான்கு மாதம் கழித்து, அந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூடக் கண்ணால் பார்க்காமல், "என்னால் பெற்றுக்கொள்ள முடியவில்லை" என்று நானே அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். இந்த முயற்சி முழுவதிலும் என் கைக்காசும் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த காசுமாக 1,46,500 ரூபாய் போயிருந்தது. இதில் பெரும்பகுதிக்கு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் முன்கூட்டியே ஒருத்தர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். அதனால்தான் வரிசையாக எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

நான் அட்டப்பாடியின் கிழக்கு ஓரத்துக்காரி. கேரளா என்றதும் மழை என்று நினைப்பார்கள். மேற்கே முக்காலிப் பக்கம் கொட்டுகிற தென்மேற்கு மழை எங்கள் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடும், எங்களுக்கு ஐப்பசி மழைதான் மழை. இரண்டு மாநிலத்துக்கும் எல்லையாக ஓடி பவானியில் கலக்கிற கொடுங்கரைப்பள்ளம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். எங்கள் தாத்தா தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கியவர். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்றைக்கு அவர்கள் பாதிக்கும் கீழே. கைமாறிப்போன ஆதிவாசி நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975 இல் கேரளத்தில் சட்டமே வந்தது, ஆனாலும் நிலம் பெரும்பாலும் திரும்பவில்லை. பள்ளத்தின் கரையோரம் வாழைக்கும் பாக்குக்கும் போர் போட்டுத் தண்ணீர் இறைக்கிற தோட்டங்கள் எங்களைப் போன்ற குடியேறிகளுடையவை. கீழே இருக்கும் இருளர் ஊர்களில் பங்குனி சித்திரையில் பெண்கள் குடத்தோடு நடக்கிறார்கள். எங்கள் தோட்டத்து போரும் அந்தக் கணக்கில் ஒன்று. காலேஜ் முடித்து வந்த 2019 இல் இது எனக்கு உறைத்தது, உறைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பள்ளத்தில் மூன்று இடத்தில் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதுவது என்று ஆரம்பித்தோம். பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஏழடி மூங்கில் கோல், அதில் வெள்ளை பெயிண்ட் அடித்து ஒவ்வொரு ஐந்து சென்டிமீட்டருக்கும் சிவப்புக் கோடு. பாறை இடுக்கில் சிமெண்ட் வைத்து நட்டோம், முதல் மழையிலேயே ஒன்றை ஆறு கொண்டுபோனது. வாரம் இரண்டு முறை மட்டத்தைப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, இடம், அளவு, அந்த வாரம் எத்தனை தோட்டத்தில் மோட்டார் ஓடியது என்று எழுதினோம். கீழே இருக்கும் இருளர் ஊர் ஒன்றைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கூட வந்தார்கள். எந்தப் பாறையில் எந்த மாதம் தண்ணீர் தங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும், எனக்கு எழுதத் தெரியும், அவ்வளவுதான் வேலைப் பங்கீடு.

பணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்தபோது முதலில் அந்த ஊரின் கூட்டத்தில் சொன்னேன். இதை மட்டும் சரியாகச் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். சில அறக்கட்டளைகள் மக்களின் ஒப்புதல் எங்கே என்று கேட்கும், கேட்காவிட்டாலும் அவர்கள் தண்ணீரைப் பற்றி அவர்களைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. ஊர்த் தலைவரான மூப்பன், ஊர்ப் பொறுப்பில் இருக்கும் வண்டாரி, குறுதலை, மண்ணூக்காரன் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் பேசினேன். மூப்பன் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அம்மிணி, இந்தக் காசு யாரு பேர்ல வருது?" விருது என் பேரில் வரும், வேலை ஊருக்கு என்றேன். அவர் தலையசைத்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜப்பான் கடனுதவியில் அஹாட்ஸ் என்ற அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் நடந்த காலம் முழுவதையும் பார்த்தவர் அவர். அந்தக் கேள்வியின் எடை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பெருந்தன்மையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அது வங்கிக் கணக்கைப் பற்றிய கேள்வியும்தான்.

சரி, தேடல் கதைக்கு வருகிறேன். முதல் இழப்பு 2020 இல், ஊரடங்கு சமயம். வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் "இளம் பருவநிலைத் தலைவர்" விருது என்று ஓர் அறிவிப்பு. பெயரும் படமும் அனுப்பினேன், இரண்டே நாளில் தேர்வாகிவிட்டீர்கள் என்று பதில், கூடவே பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய். கட்டினேன். ஒரு பிடிஎஃப் சான்றிதழும் ஆன்லைன் கூட்டத்துக்கு ஒரு லிங்க்கும் வந்தன, அதோடு சரி. இதை வீட்டில் சொல்லவே இரண்டு வருஷம் ஆனது. விண்ணப்பிக்கிறவரிடமே காசு கேட்கிற எந்த விருதையும் தொடாதீர்கள். உண்மையான அறக்கட்டளை நமக்குக் காசு கொடுக்கத்தான் இருக்கிறது. இன்னொன்று, நம் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டு நாளில் தேர்வு செய்தால் அங்கே தேர்வே நடக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, விருது என்ற சொல்லே என்னைக் குழப்பியது. செய்து முடித்த வேலையைப் பாராட்டுவதும் விருது, செய்யப்போகிற வேலைக்குக் கொடுக்கிற நல்கையும் விருது என்றே எழுதியிருக்கும். கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு பற்றிப் படித்துவிட்டு (1992 இல் மேதா பட்கர், 2024 இல் சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டுக்காக அலோக் சுக்லா வாங்கியது) நான் அவர்களுக்கு எழுத நீண்ட கடிதம் ஒன்றைத் தயார் செய்தேன். மூன்று வாரம் உழைத்த பிறகுதான் அதற்கு நாமே விண்ணப்பிக்க முடியாது, ரகசியமாகப் பிறர் பரிந்துரைக்க வேண்டும் என்று தெரிந்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருதுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது வேலையில் ஊறியவர்களுக்கு. எங்களுக்குத் தெற்கே வால்பாறையில் யானை நடமாட்டத்தை எஸ்எம்எஸ் வழியாகவும் சிவப்பு விளக்கு வழியாகவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தெரியப்படுத்தி உயிர்ச்சேதத்தைக் குறைத்த எம். ஆனந்தகுமாருக்கு 2015 இல் அது கிடைத்தது, அதற்குப் பின்னால் பல வருஷ உழைப்பு இருக்கிறது. கையில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்திருந்த நான் போக வேண்டிய கதவு அதுவல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று தனிக் கதவுகள் இருக்கின்றன. ரஃபோர்ட் அறக்கட்டளை முதல் சிறு நல்கை, அதை ஒழுங்காக முடித்தால் இரண்டாவது என்று படிப்படியாகக் கொடுக்கிறது. கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம் நான் பார்த்த வருஷத்தில் தனி ஆளை எடுக்கவில்லை, குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு வேண்டும் என்றது, அனுபவமும் ஐந்து வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஃபியூச்சர் ஃபார் நேச்சர் விருதுக்கு வயது வரம்பு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசற்படி. படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் தகுதி என்று எழுதியிருக்கும் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள், யாருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்ற பட்டியலை முதலில் படியுங்கள். என் மூன்று வாரம் அங்கேதான் போனது.

2021 இல் ஒழுங்காக விண்ணப்பித்த முதல் நல்கை, பரிந்துரைக் கடிதத்தால் போனது. மூன்று பேர் எனக்காக எழுத வேண்டும். ஒருவர் என் பேராசிரியர், ஒருவர் ஓய்வுபெற்ற வன அலுவலர், மூன்றாமவர் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஓர் ஆய்வாளர். பெரிய பெயர் என்பதற்காக அவரைக் கேட்டேன். கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பு கேட்டேன், சரி என்றார், அந்த லிங்க் அவருடைய ஸ்பேம் பெட்டிக்குப் போயிருக்கிறது. எனக்கு இரண்டு பரிந்துரைகள்தான் வந்து சேர்ந்தன, விண்ணப்பம் முழுமையில்லை என்று நின்றுவிட்டது. ஒரு வருஷம். இப்போது என்ன செய்கிறேன் என்றால், குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் கேட்கிறேன், திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதிக் கூடவே அனுப்புகிறேன், என் வேலையில் அவர் கண்ணால் பார்த்தது எது என்று நினைவுபடுத்துகிறேன், லிங்க் போனதா என்று போன் செய்து கேட்கிறேன். பெரிய பெயரைவிட நம்மைப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்த ஒருவர் எழுதும் நான்கு வரி மேல். நேர விஷயமும் ஒன்று இருக்கிறது. லண்டன் நேரப்படி நள்ளிரவு என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை, அங்கே கோடைக்காலமாக இருந்தால் நாலரை. இதை நம்பிக் கடைசி ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் காற்றடித்தால் கரண்டும் போகும், டவரும் போகும்.

படிவத்தில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இங்கிலீஷ் இல்லை. "நீங்கள் தலைமை ஏற்று நடத்திய ஒரு சம்பவத்தை விவரிக்கவும்" என்ற கேள்வி. முதல் தடவை நான் அளந்தேன், நான் திரட்டினேன், நான் மாற்றினேன் என்று எழுதிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் பாலக்காட்டு மாவட்டத்திலேயே பிளாச்சிமடை இருக்கிறது. கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளைக் கெடுத்துவிட்டது என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், மயிலம்மா முன்னால் நின்றார், 2004 இல் ஆலை நின்றது. அந்த அம்மா எந்தப் படிவத்திலும் தன்னைத் தலைவி என்று எழுதவில்லை, 2007 இல் இறந்தும் போனார். 216 கோடிக்கு மேல் சேதம் என்று 2010 இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு கணக்கிட்டுச் சொன்னது, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011 இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு நான்கு வரியில் நான் நான் என்று எழுதக் கை கூசியது. கடைசியில் யார் எதைச் செய்தார்கள் என்று உள்ளபடியே எழுதினேன், கோலை எங்கே நடுவது என்று மண்ணூக்காரன் முடிவு செய்ததையும், எங்கள் தோட்டத்து மோட்டார் ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்தே நோட்டில் போட்டதையும். பிறகு அந்த அறக்கட்டளையிலிருந்து பேசியவர் இந்தப் பதிலுக்காகத்தான் என் படிவத்தை எடுத்து வைத்தோம் என்றார். அடக்கமாக இருக்கச் சொல்லவில்லை, நம் பங்கைத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். அடுத்தவர் பங்கை எடுத்துக்கொள்ளாமல் சொன்னால் படிக்கிறவருக்கு அது தெரிகிறது.

இப்போது அந்த மெயிலுக்குத் திரும்பி வருகிறேன். தொகை எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், ஓர் அமைப்பின் பெயரில் இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்தான் நானும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு டிரஸ்ட் பதிவு செய்திருந்தோம், பத்திரம், பான், வருமான வரிப் பதிவு எல்லாம் சேர்த்து 22,000 ஆகியிருந்தது. கணக்கு இருக்கிறது, நம்பரைக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். வங்கியில் கேட்டபோது அங்கிருந்தவர், "வெளிநாட்டுப் பணமா மேடம்? எஃப்சிஆர்ஏ இருக்கா?" என்றார். அந்த நாலு எழுத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதால் கேட்டேன். மூன்று வருஷம் இந்தத் துறையில் இருந்திருக்கிறேன், எத்தனையோ பயிலரங்கு, எத்தனையோ வெபினார், ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

கோவையில் ஒரு ஆடிட்டரிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டு நன்கொடைக்கான 2010 ஆம் வருஷச் சட்டம், 2020 செப்டம்பரில் அதை இறுக்கித் திருத்தினார்கள். சமூகம், கல்வி, பண்பாடு என்று ஏதாவது திட்டம் வைத்து வேலை செய்கிற யாரும், தனி ஆளாக இருந்தாலும், வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். படிப்புக்கான உதவித்தொகை மாதிரி வருவது வேறு கணக்கு, அதனால் நமக்கு வந்த கடிதத்தில் அந்தப் பணத்தை என்னவென்று சொல்லியிருக்கிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் வேலைக்குச் செலவு செய்து காட்ட வேண்டும். எட்டு மாத டிரஸ்ட்டுக்கு அது எட்டாத உயரம். முன் அனுமதிக்குப் புது அமைப்பும் விண்ணப்பிக்கலாம், கொடுப்பவரிடமிருந்து இவ்வளவு தொகை, இந்த வேலைக்கு என்று உறுதிக் கடிதம் வேண்டும். எந்த வழியில் வந்தாலும் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் மெயின் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வருஷா வருஷம் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதற்குள் நான் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தேன். இதுதான் என் பெரிய தவறு, இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: தேர்வுக் கடிதத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள், பணம் கணக்கில் விழுந்த பிறகு முதல் ரூபாயை எடுங்கள். நான் கடிதம் வந்த மறுவாரமே இரண்டு இளைஞர்களுக்கும் மாதம் ஆறாயிரம் என்று பேசிவிட்டேன். ஆறு மாதம் கொடுத்தது 72,000. மழைமானி, தண்ணீர் சோதனைப் பெட்டி, புதுக் கோல்கள் என்று 21,000. ஆடிட்டருக்கு எல்லாம் சேர்த்து 15,000, போக்குவரத்து, பிரிண்ட், நோட்டரி என்று 12,000. அந்த இருவரும் கட்டட வேலைக்குப் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும். என் வார்த்தையை நம்பித்தான் வந்தார்கள், அதனால் பாதியில் நிறுத்த மனசு வரவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த ராத்திரி அவர் கழுத்தைப் பார்க்க முடியாமல் திண்ணையில் போய்ப் படுத்தேன்.

பிறகு மூன்று வழியில் முயன்றோம். முன் அனுமதிக்கு ஆவணங்கள் சேர்த்தோம், உறுதிக் கடிதம் கேட்டோம், அறக்கட்டளையின் வக்கீல்கள் வார்த்தை பார்த்து அனுப்ப இரண்டரை மாதம், வந்த கடிதத்தில் எங்கள் டிரஸ்ட்டின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, திருத்தி வர இன்னும் ஒரு மாதம். இரண்டாவது, ஏற்கெனவே பதிவு வைத்திருந்த ஒரு பழைய அமைப்பிடம் போனேன். அவர்கள் வாங்கி எங்களுக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்டேன். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முடியாது, ஒருவர் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொருவருக்கு மாற்றுவதையே தடை செய்துவிட்டார்கள், அந்த இன்னொருவரும் பதிவு பெற்றவராக இருந்தாலும் சரி. வேண்டுமானால் திட்டத்தையே அவர்கள் திட்டமாக எடுத்து, ஒப்பந்தம் அவர்கள் பேரில் போட்டு, நான் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யலாம் என்றார்கள். முறையான வழிதான், அதற்கும் சம்மதித்தேன், அறக்கட்டளையும் சம்மதித்தது. அந்தச் சமயத்தில் அவர்களுடைய ஐந்து வருஷப் பதிவு முடிந்து புதுப்பித்தல் நிலுவையில் இருந்தது. இன்று வரும் நாளை வரும் என்று மாதங்கள் போயின. பாவம், அவர்களுக்கே சம்பளம் கொடுக்கச் சிரமம். மூன்றாவது வழி, தெரிந்தவர் ஒருவர் சொன்னது: துபாயில் இருக்கும் சொந்தக்காரர் கணக்குக்கு வாங்கி, அவர் எனக்கு அனுப்புகிற மாதிரி செய்துவிடு என்றார். ஆடிட்டரிடம் கேட்டதற்கு, "அதை மட்டும் செஞ்சிடாதம்மா, பணத்தோட வேர் எங்கேன்னுதான் சட்டம் பார்க்கும்" என்றார். அவருக்கு நான் கடைசி வரை நன்றி சொல்வேன்.

அறக்கட்டளைக்காரர்கள் நல்லவர்கள், இரண்டு முறை கெடு நீட்டித்தார்கள். மூன்றாவது முறை அவர்கள் நிதியாண்டுக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் கடிதம் எழுதினேன். அன்றைக்கு எனக்கு வந்தது அழுகை இல்லை, ஒரு நிம்மதி. அது வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

விண்ணப்பிக்கும் முன்பே அறக்கட்டளைக்கு ஒரு மெயில் அனுப்பி இந்த மூன்றையும் கேளுங்கள்: இந்தியாவில் இருப்பவருக்கு இதற்கு முன் கொடுத்திருக்கிறீர்களா, எந்த வகைக் கணக்குக்கு, எந்த வழியில். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த நேரத்தை வேறு படிவத்துக்குச் செலவு செய்யலாம். முடிந்தால் இதற்கு முன் வாங்கிய இந்தியர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள், பெரும்பாலும் பெயர்கள் வெளியிட்டிருப்பார்கள், கேட்டால் மனசு விட்டுச் சொல்கிறார்கள். பதிவுள்ள அமைப்பு ஒன்றின் கீழ் வேலை செய்வதாக இருந்தால் அவர்கள் பதிவு எந்த மாதம் முடிகிறது என்று சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். வரவுசெலவுக் கணக்கில் உங்கள் சம்பளத்தையும் ஊர்க்காரர்களின் கூலியையும் போடுங்கள், கூட்டத்துக்குச் சோறு போடுகிற செலவையும் போடுங்கள். சேவை என்று நினைத்து நான் இவற்றைப் போடவில்லை, அதனால் அந்தத் தொகை வந்திருந்தாலும் எனக்குப் பற்றியிருக்காது. காட்டுக்குள் போகிற வேலை என்றால் வனத்துறை அனுமதிக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள், சரணாலயமோ தேசியப் பூங்காவோ என்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போக வேண்டிவரும், அது நம் அவசரத்துக்கு நகராது. எங்கள் பள்ளத்தில் அளக்கிற இடங்கள் காட்டுக்கு வெளியே இருந்ததால் இது ஒன்றில் தப்பித்தோம்.

ரூபாயிலேயே கிடைக்கிற பணத்தை முதலில் பாருங்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ கிடையாது. எங்கள் ஆனைகட்டியிலேயே சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்து 2009 இல் இறந்த ரவி சங்கரன் பேரில் இன்லாக்ஸ் அறக்கட்டளை இளம் இயற்கைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு நல்கை கொடுத்து வந்திருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் பல வருஷம் பஸ்ஸில் போனேன், கண் மட்டும் கடல் கடந்து இருந்தது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் 2021 ஏப்ரல் முதல் டிரஸ்ட்கள் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், மூன்று வருஷ வேலை காட்ட வேண்டும், ஆகவே நேற்று தொடங்கிய டிரஸ்ட்டுக்கு அதுவும் உடனே திறக்காது. டிரஸ்ட் ஆரம்பிக்கிற அவசரமே வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் நல்கையைத் தனி ஆளாக உள்நாட்டில் வாங்கி முடியுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

கடிதம் எழுதிய அடுத்த வாரம் ஊர்க்கூட்டத்தில் போய்ச் சொன்னேன். எனக்கு வார்த்தை வரவில்லை, கணக்கு நோட்டை விரித்து வைத்து வரிவரியாகப் படித்தேன், சங்கிலியையும் சேர்த்து. யாரும் கோபப்படவில்லை. மூப்பன் அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன், அவர் கேட்கவில்லை. பையன்களுக்குப் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படின்னா அந்தக் கோலை இங்கேயே வச்சிட்டுப் போ அம்மிணி, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அன்றைக்கு முதல் அளவெடுப்பது ஊரின் வேலை. குடத்தோடு போகிற பெண்களே பார்த்து வந்து சொல்கிறார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் எழுதுகிறாள். நான் மாதம் ஒருமுறை போய் மொத்தமாகப் பெரிய நோட்டில் ஏற்றுகிறேன்.

கேரளத்தில் 1996 இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியாகப் பஞ்சாயத்துத் திட்டப் பணத்துக்கு ஊர்க்கூட்டமே வேலை கேட்டு எழுதிக் கொடுக்கலாம். எனக்குக் காலம் முழுக்கத் தெரிந்த விஷயம், ஆனால் இதை ஒரு நிதியாக நான் பார்த்ததே இல்லை. போன வருஷம் மூன்று வருஷ நோட்டையும் இணைத்து, பள்ளத்தில் மண் மூடிக் கிடக்கும் பழைய தடுப்பணையைத் தூர் வாரக் கேட்டு மனு எழுதினோம். நான் தமிழில் சொல்ல, அந்தப் பெண் மலையாளத்தில் எழுதினாள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் ஊரின் பெயர், கீழே முப்பத்தொரு கையெழுத்தும் ரேகையும். என் பெயர் அதில் இல்லை, கரையோரத் தோட்டக்காரர்கள் தர வேண்டிய ஒப்புதல் தாளில் இருக்கிறது, எங்கள் மோட்டாரைச் சித்திரையில் வாரம் மூன்று நாள் நிறுத்துகிறோம் என்று அப்பாவும் நானும் போட்ட கையெழுத்து. மற்ற ஏழு தோட்டத்தில் இதுவரை இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். திட்டத்தில் வேலை சேர்ந்துவிட்டது என்று சொன்னார்கள், மண் அள்ளுவது இன்னும் ஆரம்பிக்கவில்லை. நேற்று ராத்திரி அந்தப் பெண் அனுப்பிய அளவு: மேல் பாறை 35, நடுக்கோல் 20, கீழே ஈரம் மட்டும்.